பூட்டிய அறை

ஒருவர் நமக்கு ஒரு வீட்டைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை கிடையாது. சுவரை இடிக்கலாம், ஜன்னல் வைக்கலாம், விருப்பப்பட்டால் அதே மாதிரி இன்னொரு வீடு கட்டி அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. ஆனால், அந்த வீட்டுக்கு வெளிச்சம் வரவேண்டிய ஓர் அறை மட்டும் பூட்டிக் கிடக்கிறது. சாவி வேறு யாரோ ஒருவரிடம் இருக்கிறது. “உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். விளக்கு எரிகிறதா, இல்லையா? அது போதும்” என்கிறார் சாவிக்காரர். விளக்கும் நன்றாகவே எரிகிறது. இந்த ஏற்பாட்டுக்கு நாம் சம்மதிக்கலாமா?

இது கதை எழுதுகிறவனின் கற்பனை என்று தோன்றலாம். இல்லை. கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பல வீடுகளில் தினந்தோறும் நடக்கிற காரியம் இது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஒரு பெண்ணும் அவளுக்குப் பாடம் சொன்ன ஓர் ஆசிரியரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதைக் கேட்டேன். அதற்கப்புறம் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் விஷயம் இன்னதென்று சொல்லிவிடுவது நல்லது.

டிரைவர் என்றதும் நமக்குக் காக்கிச் சட்டை போட்ட பஸ் டிரைவர்தான் ஞாபகத்துக்கு வருவார். கம்ப்யூட்டருக்குள்ளும் டிரைவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மனிதர்கள் அல்லர். சிறு சிறு நிரல்கள். அச்சு யந்திரத்துக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று, திரையில் படம் காட்டுகிற அட்டைக்கு ஒன்று என்று ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிரைவர் உண்டு. யந்திரத்தின் மூளை ஒரு பாஷை பேசுகிறது. கருவி இன்னொரு பாஷை பேசுகிறது. நடுவே நின்று இரண்டையும் இணைத்துவைக்கிற துபாஷிதான் டிரைவர்.

இவற்றில் மிகவும் சிக்கலானது படம் காட்டும் அட்டையின் டிரைவர். ‘கிராபிக்ஸ் கார்டு’ என்று கடைகளில் சொல்கிறார்கள். இன்று சாதாரணமாகக் கிடைக்கிற ஒரு திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் இருபது லட்சத்துக்கும் மேல். அத்தனை புள்ளிக்கும் எந்த நிறம் என்று தீர்மானித்து, ஒரு விநாடியில் அறுபது தடவை மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். அட்டை அதைச் செய்கிறது. எப்படிச் செய்ய வேண்டும் என்று அட்டைக்குச் சொல்வது டிரைவர்.

இது ஏதோ அந்நிய தேசத்து விந்தை என்று அருப்புக்கோட்டைக்காரர்கள் மலைத்துப்போக வேண்டியதில்லை. நெசவாளர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது பழகிய வித்தை. பாவு இழைகளில் எதைத் தூக்குவது, எதைக் கிடத்துவது என்பதுதான் சேலைக் கரையில் விழுகிற பூவைத் தீர்மானிக்கிறது. பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு 1804-ஆம் வருஷத்தில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கெட்டியான அட்டைகளில் ஓட்டை போட்டுத் தறியின் மேல் கோத்துவிட்டார். ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். கம்ப்யூட்டரின் முன்னோடியான யந்திரத்தை 1830-களில் மனத்தில் உருவாக்கிய இங்கிலாந்துக்காரர் பாபேஜ், அதற்குக் கட்டளையிடும் முறையை அந்தத் தறி அட்டையிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். ஆகவே, திரையில் தெரிகிற படத்துக்கும் சேலையில் தெரிகிற மாங்காய்க்கும் தூரத்து உறவு இருக்கிறது.

ஆனால், அந்த இரண்டு அட்டைகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஜக்கார்டு அட்டையை யார் வேண்டுமானாலும் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். எங்கே ஓட்டை தவறாக விழுந்திருக்கிறது, எந்த இடத்தில் பூவின் காம்பு முறிகிறது என்று கண்டுபிடிக்கலாம். தெரிந்தவர் வேறு அட்டை குத்திக்கொள்ளலாம். கிராபிக்ஸ் அட்டையின் டிரைவர் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. மனிதன் எழுதிய மூலம் ஒன்று. யந்திரத்துக்காக அரைத்துக் கூழாக்கிய பொதி ஒன்று. நமக்குக் கிடைப்பது கூழ். அதை உபயோகிக்கலாம், உள்ளே பார்க்க முடியாது. பார்க்க முயல்வதையே பல கம்பெனிகளின் ஒப்பந்த வாசகம் தடுக்கிறது.

‘எல்லாக் கம்பெனிக்காரர்களும் அப்படித்தானே செய்வார்கள்? இதில் தர்ம சங்கடம் எங்கே வந்தது?’ என்று வாசகர்கள் கேட்கலாம். இங்கேதான் லினக்ஸ் வருகிறது.

1980-ஐ ஒட்டிய காலத்தில், அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சிசாலை ஒன்றில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புதிதாக வந்த அச்சு யந்திரம் ஒன்றில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொண்டது. பழைய யந்திரத்தில் அதே தொல்லை வந்தபோது, காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அவர் நிரலைத் திருத்தியிருந்தார். புதிய யந்திரத்திலும் அப்படிச் செய்ய நினைத்து, அதன் நிரல் மூலத்தை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டார். தர மாட்டேன் என்று பதில் வந்தது. யாருக்கும் காட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம். சின்ன விஷயம்தான். ஆனால், அண்டை வீட்டானுக்கு உதவ மாட்டேன் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என்ன தர்மம் என்று அவர் கேட்கத் தொடங்கினார். 1983 செப்டம்பர் 27-ஆம் தேதி ‘குனு’ என்ற திட்டத்தை அறிவித்தார். யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு ஒரு முழு அமைப்பையும் கட்டுவதே அதன் நோக்கம். 1991-இல் பின்லாந்து தேசத்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு வேண்டிய மையக்கருவை எழுதினார். அதைக் ‘கெர்னல்’ என்கிறார்கள். 1992-இல் அதையும் அதே மாதிரியான உரிமத்தின் கீழ் கொடுத்துவிட்டார். குனுவும் லினக்ஸும் சேர்ந்ததுதான் நான் முதலில் சொன்ன வீடு.

அந்த வீடு தமிழ்நாட்டுக்கும் வந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் ‘பாஸ்’ என்ற பெயரில் ஒரு லினக்ஸைத் தயாரித்தார்கள். 2011-ஆம் வருஷத்திலிருந்து அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூட அதுவும் ஏறி வந்தது. கரிசல் காட்டு ஊர்களில், மண்சுவர் வீட்டு மாடக்குழியில் அந்த மடிக்கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கதவு வைத்த பெட்டி அது. நான் பார்த்த பிள்ளைகள் பலரும் ஒரு கதவைத்தான் திறந்தார்கள். இரண்டாவது கதவைத் திறந்து பார்த்த சிலரில் ஒருத்தி நான் சொல்ல வந்த பெண்.

அட்டை விஷயத்தில் நடந்த விநோதத்தையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றுக்கும் திறந்த டிரைவர்கள் ஏறக்குறைய வந்துவிட்டன. படம் காட்டும் அட்டையில்தான் வழி அடைத்துக்கொண்டது. என்விடியா என்ற பெரிய கம்பெனி லினக்ஸுக்கும் டிரைவர் கொடுத்தது. ஆனால் பூட்டிக் கொடுத்தது. அதைப் பொறுக்காத சில இளைஞர்கள் 2005-ஐ ஒட்டி ‘நூவோ’ என்ற பெயரில் திறந்த டிரைவர் ஒன்றை எழுத ஆரம்பித்தார்கள். பிரெஞ்சு மொழியில் ‘புதியது’ என்று அர்த்தம். கம்பெனி எந்த விவரமும் தராத நிலையில், மூடிய டிரைவர் அட்டையோடு பேசுவதை ஒட்டுக்கேட்டு, எந்தச் சொல்லுக்கு அட்டை என்ன செய்கிறது என்று குறித்துக் குறித்து அந்த பாஷையைக் கற்றார்கள். 2010-இல் அது கெர்னலுக்குள்ளேயே இடம் பெற்றது. ஆனால் 2014-க்குப் பிறகு வந்த அட்டைகள் பலவற்றில், கம்பெனியின் கையெழுத்துப் பெற்ற உள்நிரல் இல்லாமல் அட்டை முழு வேகத்துக்கு எழும்பாது என்று ஆக்கிவிட்டார்கள். மாட்டைக் கொடுத்தார்கள், மூக்கணாங்கயிற்றைக் கொடுக்கவில்லை.

இன்னொரு விநோதம். பூட்டிய டிரைவரை ஏற்றுகிறவர் முதலில் நூவோவைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரே அட்டையை இரண்டு டிரைவர்கள் பிடிக்க முடியாது. இலவசமாக, கேட்காமலே வந்து நின்றவனை வாசலில் நிறுத்திவிட்டு, முகம் காட்டாதவனை உள்ளே கூப்பிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாவலாசிரியன் எழுதியிருந்தால் ‘உருவகம் மிகையாக இருக்கிறது’ என்பார்கள். யந்திரத்தின் நடைமுறையே அப்படி இருக்கிறது.

இனி அந்தப் பெண்.

அவள் வீடு அருப்புக்கோட்டையில். தகப்பனார் நெசவாளி. அவள் டிப்ளமா படித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே சேலைக் கரைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிளெண்டர் என்றொரு திறந்த மென்பொருள் இருக்கிறது. முப்பரிமாணத்தில் உருவங்கள் செய்து அசைய வைக்கலாம். அதைத் தானே கற்றுக்கொண்டு, இன்னும் நெய்யாத சேலையை நெய்து உடுத்தினால் மடிப்பு எப்படி விழும், கரை எப்படித் திரும்பும் என்று காட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். மதுரையில் ஒரு வியாபாரி அதைப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு முன்னால் பத்துப் படங்கள் செய்து தரச் சொல்லியிருந்தார். நல்ல கூலி. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருந்தாள். அதில் நல்ல கிராபிக்ஸ் அட்டை ஒன்று இருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஆனால் திறந்த டிரைவரில் அந்த அட்டை நொண்டியது. ஒரு படத்துக்கே நாள்கணக்கில் ஆகும்போல் இருந்தது.

அவளுக்கு லினக்ஸைப் பழக்கியவர் திருச்சுழியில் இருக்கிற ஓர் ஓய்வுபெற்ற உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். ஆபீஸ்களில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைச் சேகரித்து, துடைத்து, லினக்ஸ் ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று சொல்வதுகூடக் குறைவு. விரதம் என்று சொல்லலாம். அவர் கொடுக்கிற பெட்டியில் பூட்டிய நிரல் எதுவும் இருக்காது. நான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மாலைவேளையில், அந்தப் பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தாள்.

“ஸார், ஒண்ணு கேக்கணும். திட்டக் கூடாது.”

“கேளு தாயி.”

“கார்டுக்காரங்க குடுக்கிற டிரைவரைப் போட்டுக்கிடட்டுமா?”

“உன் மிஷின். எங்கிட்ட எதுக்குக் கேக்கிற?”

“நீங்கதான கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க?”

“கூடாதுன்னு சொல்லலை. உள்ள என்ன இருக்குன்னு பாக்க விடாததை நம்பக் கூடாதுன்னு சொன்னேன். பிறகு அந்தப் பெட்டி உன்னுது இல்லை, பாத்துக்கோ. அவங்க நெனைச்சா ஓடும், நெனைக்காட்டி நிக்கும்.”

அந்தப் பெண் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

“எங்க அப்பா முப்பது வருசமா முதலாளி குடுத்த பாவைத்தான் நெய்யிறாரு ஸார். நூலு அவருது இல்லை. டிசைன் அவருது இல்லை. முன்பணம் வேற வாங்கியிருக்காரு. தறி ஒண்ணுதான் எங்களுது. அதுக்காக அவரு நெய்யாம இருந்திருந்தா எங்களை எப்படி வளத்திருப்பாரு?”

ஆசிரியர் பதில் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியில் இந்த விவகாரத்தின் இரண்டு பக்கமும் இருந்தன.

ஆசிரியருடைய கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘திறந்திருந்தால் மட்டும் என்ன? லட்சக்கணக்கான வரிகளை யார் படித்துப் பார்க்கப்போகிறார்கள்?’ என்று அவரைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் கண்மாய் மடை நினைவுக்கு வருகிறது. மானாவாரியையும் கண்மாயையும் நம்பிப் பிழைக்கிற சீமை இது. மடைக்குள் முங்கி அடைப்பை எடுக்கத் தெரிந்தவர்கள் ஓர் ஊரில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்குத் தண்ணீர் வருகிறதா, இல்லையா என்பது மட்டுமே தெரியும். இருந்தாலும், அந்த இரண்டு மூன்று பேரும் ஊருக்குள் இருக்கிறார்கள், அவர்களை யாரும் தடுக்க முடியாது என்பதே மற்ற எல்லோருக்கும் பாதுகாப்பு. மடையைப் பூட்டிச் சாவியை வெளியூர்க்காரர் கொண்டுபோய்விட்டால், முங்கத் தெரிந்தவனும் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். திறந்த நிரலின் பயன் நான் படிப்பதில் இல்லை. படிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் எனக்காகப் படிக்க முடியும் என்பதில் இருக்கிறது.

காலமும் ஆசிரியர் பக்கம் சாட்சி சொல்கிறது. கெர்னல் மாறிக்கொண்டே இருக்கும். அது மாறும்போதெல்லாம் டிரைவரும் கூடவே ஒத்து மாற வேண்டும். திறந்த டிரைவர் கெர்னலோடு ஒரே வீட்டில் இருப்பதால், ஒன்றைத் திருத்துகிறவர்கள் மற்றதையும் திருத்திவிடுகிறார்கள். பூட்டிய டிரைவருக்குக் கம்பெனியின் தயவு வேண்டும். பழைய அட்டைகளுக்கான ‘340’ வரிசை டிரைவரை 2019 முடிவோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகும் அந்த அட்டைகள் சாகவில்லை. மின்சாரம் கொடுத்தால் ஓடும். ஆனால் புதிய கெர்னலோடு பேசுவதற்குக் கம்பெனியின் துபாஷி வர மாட்டார். நல்ல உடம்போடு இருப்பவனுக்கு நாக்கை மட்டும் கட்டிவிட்ட மாதிரி.

பெண்ணின் கட்சி இதைவிட எளிது. எளிது என்பதாலேயே பலமானது. பசி காத்திருக்காது. தீபாவளி காத்திருக்காது. கரிசலில் முன்பெல்லாம் கருங்கண்ணிப் பருத்தி போட்டார்கள். விளைச்சலில் கொஞ்சத்தை எடுத்துவைத்தால் அடுத்த வருஷத்துக்கு விதை. இப்போது கடையில் வாங்குகிற வீரிய ஒட்டு விதையை அப்படி எடுத்துவைத்துப் பயன் இல்லை. மறு விதைப்பில் பழைய குணம் வராது. 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியும் நம் நாட்டில் பெரும்பாலும் ஒட்டு ரகமாகவே வந்தது. எடுத்துவைத்து விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சட்டம் உரிமை கொடுத்தாலும் ஒட்டு விதை அந்த உரிமைக்குப் பிரயோஜனம் வைக்கவில்லை. இருந்தும் சம்சாரி அதை வாங்குகிறான். கடனை அடைக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். அவனைப் பார்த்து, ‘நீ உன் சுதந்திரத்தை விற்றுவிட்டாய்’ என்று மெத்தையில் உட்கார்ந்து சொல்வதற்கு எனக்கு வாய் வராது. வயிறு நிறைந்தவன் சொல்கிற சுதந்திரம் வேறு. வயிற்றுக்காகப் போராடுகிறவனுக்குத் தேவைப்படுகிற சுதந்திரம் வேறு. இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால்தான் இத்தனை குழப்பமும்.

கம்பெனியின் கட்சியையும் கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் நியாயம் ஆகாது. டிரைவரில் தங்கள் பல வருஷத்து உழைப்பும் ரகசியமும் இருக்கின்றன, போட்டிக்காரன் பார்த்துவிடுவான், பிறரிடம் உரிமம் வாங்கிச் சேர்த்த பகுதிகளும் உண்டு, அவற்றைத் திறந்து காட்டத் தங்களுக்கே அதிகாரம் இல்லை என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. வைத்தியர் வீட்டு லேகியத்தின் பாகம் மாதிரி. ஆனால் ஒன்று. லேகியத்தை ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிடலாம். டிரைவர் அப்படி இல்லை. அது கெர்னலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. யந்திரத்தின் ஞாபகம் முழுவதும் அதன் கைக்கு எட்டும். விருந்தாளியின் ரகசியத்தை மதிக்கலாம். கர்ப்பக்கிருகம் வரைக்கும் வருகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புவது மரியாதைக் குறைவு ஆகாது.

உலகத்தில் இந்த மூன்று கட்சியும் மோதியபடியே இருக்கின்றன. 2007 செப்டம்பரில் ஏ.எம்.டி. கம்பெனி தன் அட்டைகளின் விவரங்களை வெளியிட முன்வந்தது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ சர்வகலாசாலையில் பேசிய டோர்வால்ட்ஸ், என்விடியாவைக் குறித்துக் காமிராவைப் பார்த்து அநாகரிகமான ஒரு விரல் சைகையே காட்டிவிட்டார். பத்து வருஷத்துக்குப் பின், 2022 மே மாதம், அதே கம்பெனி தன் டிரைவரில் கெர்னலுக்குள் போகிற பகுதியைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால், ரகசியத்தில் பெரும் பகுதியை அட்டைக்குள்ளேயே ஓடும் உள்நிரலுக்கு மாற்றிவிட்டார்கள். கெர்னலுக்கு வெளியே இருக்கிற பகுதியும் மூடியே இருக்கிறது. கூடத்துக் கதவு திறந்தது. பீரோவை உள் அறைக்கு நகர்த்திவிட்டார்கள்.

திறந்தவற்றையே பெருமையாகக் கொண்ட டெபியன் குழுவினர்கூட 2022-இல் தங்களுக்குள் ஓட்டெடுத்து, கருவிகளுக்கு வேண்டிய மூடிய உள்நிரல்களைத் தங்கள் நிறுவல் தட்டிலேயே சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. கொள்கையைக் கைவிட்டார்கள் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். நான் கவனித்தது வேறொன்றை. அந்த மூடிய பொருள்களைத் தனியாக ஒரு பிரிவில் வைத்து, ‘இவை சுதந்திரமானவை அல்ல’ என்று பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அரிசியில் கல் இருந்தால் இருக்கிறது என்று சொல்லி விற்கிற கடைக்காரன் எத்தனை பேர்!

எனக்கு உண்மையில் வழி காட்டியது கெர்னலேதான். லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு பழக்கம் உண்டு. திறந்த உரிமம் இல்லாத டிரைவரை ஏற்றினால் அது தடுப்பதில்லை. ‘போ வெளியே’ என்று துரத்துவதில்லை. ஏற்றுக்கொள்கிறது, வேலை வாங்கிக்கொள்கிறது. ஆனால் தன்னுடைய குறிப்பில் ஓர் அடையாளம் போட்டுவைத்துக்கொள்கிறது. அதுவரை பூஜ்யமாக இருந்த ஓர் எண் மாறுகிறது. ‘பி’ என்ற ஓர் எழுத்து சேர்கிறது. கறை பட்டுவிட்டது என்று அர்த்தம். பிற்பாடு அந்த யந்திரத்தில் கோளாறு வந்து, கெர்னல் எழுதுகிறவர்களிடம் முறையிட்டால், அவர்கள் முதலில் இந்தக் கறையைத்தான் பார்ப்பார்கள். ‘உள்ளே நாங்கள் பார்க்க முடியாத ஒன்று இருக்கிறது, அதை இறக்கிவிட்டு அப்புறமும் கோளாறு இருந்தால் சொல்லுங்கள்’ என்பார்கள். அந்த டிரைவரைப் பாதியில் இறக்கிவிட்டாலும் கறை போவதில்லை. யந்திரத்தை அணைத்து, அது இல்லாமல் புதிதாகத் துவக்கினால்தான் எண் மறுபடியும் பூஜ்யம் ஆகிறது.

அந்த ஆங்கில வார்த்தையைத் ‘தீட்டு’ என்று சிலர் தமிழாக்கக் கூடும். எனக்கு மனம் ஒப்பவில்லை. தீட்டு என்ற சொல்லை வைத்து இந்த நாட்டில் மனிதனை மனிதன் வாசலில் நிறுத்தியிருக்கிறான். தீட்டு விலக்குகிறது. கறை விலக்குவதில்லை, நடந்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். கெர்னல் செய்வது இரண்டாவது காரியம். அது பூட்டிய டிரைவரை வெறுக்கவும் இல்லை, அது இல்லாதது போல் பாசாங்கு செய்யவும் இல்லை. தடுக்காது, மறக்கவும் செய்யாது.

மனிதர்களாகிய நாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். ஒன்று, கறையே படக் கூடாது என்று விறைத்துக்கொண்டு நின்று, பிறகு ஒருநாள் முறிந்துபோகிறோம். இல்லாவிட்டால், ஒரு சமரசம் செய்துகொண்ட மறுநாளே அதைச் சமரசம் என்று சொல்வதை நிறுத்திவிடுகிறோம். ‘வேறு வழி இல்லை’ என்று ஏற்றுக்கொண்டதை, கொஞ்ச நாளில் ‘இதுதான் வழி’ என்கிறோம். இன்னும் கொஞ்ச நாளில், அதை ஏற்காதவனைப் பைத்தியக்காரன் என்கிறோம். சமரசம் ஒரு மனிதனைக் கெடுப்பதில்லை. அதைச் சமரசம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் விடுவதுதான் கெடுக்கிறது.

திண்ணையில் அன்று நடந்த மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் வெகுநேரம் கழித்து, “போடு தாயி” என்றார். “கண்ட எடத்துல இறக்கிப் போடாத. நம்ம லினக்ஸோட களஞ்சியத்துலயே அந்த டிரைவர் இருக்கு. அதை எடுத்துப் போடு. பழைய கெர்னலை அழிச்சிராத. புதுசுல திரை கறுத்துப்போனா பழசுல ஏறி வந்துக்கிடலாம்.” அப்புறம் உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்து கொடுத்தார். “பூட்டுன சாமான் எதெது ஏத்தியிருக்க, எதுக்காக ஏத்துன, எப்ப எறக்கலாம்னு இதுல எழுதி வை. உங்க அப்பா முன்பணக் கணக்கு எழுதி வச்சிருப்பாருல்ல, அந்த மாதிரி.”

அவள் சிரித்தாள். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

தீபாவளிக்கு முன்பே பத்துப் படங்களும் மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தக் கூலியில் தகப்பனாரின் முன்பணத்தில் ஒரு பகுதி கழிந்ததாகக் கேள்வி. அந்த நோட்டைப் பிறகு ஒரு தடவை நான் பார்த்தேன். முதல் பக்கத்தில் டிரைவரின் பெயர், வரிசை எண், ஏற்றிய தேதி. ‘எதற்காக’ என்ற இடத்தில் ‘வேலைக்கு’ என்று ஒரே சொல். ‘எப்போது இறக்கலாம்’ என்ற இடத்தில், ‘அடுத்த கார்டு வாங்கும்போது. முதலில் திறந்த டிரைவர் உண்டா என்று கேட்க வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். சாமான் வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், பெரிய பெரிய கம்பெனிகளின் மனமும் மெல்ல மாறும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கேட்பவர்களின் எண்ணிக்கை கம்பெனிகளுக்குப் புரிகிற பாஷை.

திருச்சுழியில் 1879-ஆம் வருஷம் ஒரு குழந்தை பிறந்தது. பதினாறு வயதில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய், பிற்காலத்தில் ரமணர் என்று உலகம் கொண்டாடிய மகான் ஆயிற்று. அவர் தம்மிடம் வந்தவர்களிடம் சொன்னதெல்லாம், நான் யார் என்று உனக்குள்ளே திரும்பிக் கேள் என்பதுதான். அந்தப் பெரிய விசாரத்தையும் இந்தச் சின்ன யந்திர விவகாரத்தையும் ஒன்றாக்க நான் துணியவில்லை. ஆனாலும், உள்ளே பார்க்க உரிமை வேண்டும் என்று கேட்பதும், பார்க்க முடியாத இடம் எது என்பதையாவது தெரிந்து வைத்திருப்பதும் அந்த மண்ணுக்குப் பொருந்தாத காரியங்கள் அல்ல.

கடன் வாங்குவது குற்றம் அல்ல. மழை பொய்க்கிற சீமையில் கடன் வாங்காமல் வாழ்ந்தவர்கள் யார்? கடனை வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளாமல் இருந்தால் போதும். நம் கைப்பேசியில், நம் வீட்டில், நம் உத்தியோகத்தில், நம் மனத்தில்கூட எத்தனையோ பூட்டிய அறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் இன்றே உடைத்துத் திறந்துவிட முடியாது. உடைக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எந்த அறைக்குச் சாவி நம்மிடம் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கை வைத்திருக்கிறவன் என்றைக்காவது சாவியைக் கேட்பான்.